படமும் ஒலியும் ஒத்துப்போக: கொங்கு நாட்டில் படமெடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் குறும்படமும் ஆவணப்படமும் எடுப்பவர்களுக்கு ஸ்பாட்டில் ஒலி பதிந்து கொடுப்பது என் வேலை. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். போனில் அவசரமாகச் சொன்னதையெல்லாம் இங்கே நிதானமாக எழுதிவைக்கிறேன்.

சிங்க் சவுண்டு என்றால் என்னங்க?

நடிகர் பேசும்போதே, பேசும் இடத்திலேயே அவர் குரலைப் பதிந்து, அந்தக் குரலையே படத்தில் வைப்பது. நம் பக்கம் லைவ் சவுண்டு என்றும் சொல்வார்கள். படம் கேமராவில் பதிவாகும், ஒலி தனி ரெக்கார்டரில் பதிவாகும். இரண்டும் வெவ்வேறு இயந்திரம் என்பதால், உதடும் சொல்லும் சேரும்படி எடிட்டிங்கில் பொருத்த வேண்டும். அந்தப் பொருத்தத்துக்குப் பெயர்தான் சிங்க்.

டப்பிங் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு?

தமிழில் பேசும்படம் தொடங்கியதே இப்படித்தான். 1931இல் காளிதாஸ் வந்த காலத்தில் நடிகர்கள் கேமராவுக்கு முன்னால் நின்றபடியே பேசினார்கள், பாடினார்கள். திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸும், கோவையில் இருந்த சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜா ஸ்டுடியோவும் வசனத்தைத் தளத்திலேயே பதிந்த காலத்தைப் பார்த்தவை. பிறகு கேமரா ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்தது. தோளில் தூக்கிப்போகத் தோதான கேமராக்கள் ஓடும்போது தையல் மிஷின் மாதிரி கடகடவென்று சத்தம் போட்டன. அந்தச் சத்தத்துக்கு நடுவில் வசனம் பதிய முடியாது என்பதால் டப்பிங் வழக்கமாகிப் போனது. பொள்ளாச்சியிலும் கோபியிலும் எடுத்த எத்தனையோ படங்களில் வயலும் வாய்க்காலும் நம்முடையவை. பேச்சு மட்டும் சென்னையில் ஒரு மூடிய அறையில் சேர்ந்தது.

2001இல் லகான் என்ற இந்திப் படத்தை நேரடி ஒலியோடு எடுத்தபோது, பெரிய படத்திலும் இது நடக்கும் என்று பலருக்கு நம்பிக்கை வந்தது. இன்றைய டிஜிட்டல் கேமரா ஓடுவதே காதில் விழாது. டப்பிங்குக்குச் சொன்ன பழைய காரணம் இப்போது இல்லை.

எனக்கு இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் 'ஏனுங்க' என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரைக் கூப்பிடும்போது ஒரு இழுப்பு, மாமனார் முன்னால் தயங்கும்போது ஒரு இழுப்பு, சண்டைக்கு நிற்கும்போது வேறொரு இழுப்பு. சொல்லின் கடைசியில் வரும் அந்த 'ங்' பாதி மூக்கிலேயே நின்றுவிடும். 'என்ற ஊட்டுக்கு வாங்க' (என் வீட்டுக்கு வாங்க) என்று ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சொல்வதை, மூன்று மாதம் கழித்து அவரையே மைக் முன்னால் நிற்கவைத்துச் சொல்லச் சொன்னாலும் அது வராது. படித்துச் சொல்வது போலத்தான் வரும். உள்ளூர் மனிதர்களை நடிக்கவைக்கும் படத்துக்கு நேரடி ஒலிதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். கோவைத் தமிழ் என்று எல்லாச் சொல்லிலும் 'ங்க' ஒட்டிவிட்டு டப்பிங் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

கேமராவிலேயே ஒலி பதிவாகிறதே, அது போதாதா?

துணைக்குப் போதும், படத்துக்குப் போதாது. கேமரா எங்கே நிற்கிறதோ அங்கேதான் அதன் மைக்கும் நிற்கும். நடிகர் பத்தடி தள்ளி இருந்தால் அவர் குரலோடு யூனிட் ஆட்களின் இருமலும் ஃபோகஸ் திருகும் சத்தமும் சேர்ந்து விழும். நீண்ட கோலின் நுனியில் மாட்டிய பூம் மைக்கைத் தலைக்கு மேலே, படத்தின் விளிம்புக்கு ஒரு சாண் வெளியே பிடித்தால் குரல் கிட்டத்தில் நின்று பேசுவது போல இருக்கும்.

ஆனால் கேமராவின் ஒலியை ஒருபோதும் அணைத்துவைக்காதீர்கள். எடிட்டிங் மென்பொருள் இரண்டு ஒலிகளின் அலைவடிவத்தையும் ஒப்பிட்டுத் தானாகப் பொருத்துவதற்கு அந்தச் சுமாரான ஒலிதான் வழிகாட்டி.

ரெக்கார்டரை எந்த அளவில் வைப்பது?

வாவ் (WAV) கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். வசனம் மீட்டரில் சராசரியாக மைனஸ் 20 டெசிபல் பக்கம் ஓடட்டும், உரக்கப் பேசும்போது மைனஸ் 12ஐத் தொடட்டும். 0க்கு மேல் போய் உடைந்த குரலைச் சரிசெய்ய வழியே இல்லை. 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருந்தால் இந்தப் பயம் பெருமளவு குறையும், ஆனாலும் மைக்கே தாங்காத கத்தலுக்கு அதுவும் உதவாது. காதில் ஒயர் வைத்த ஹெட்போன் கட்டாயம். புளூடூத் ஹெட்போனில் ஒலி தாமதித்து வரும், அதை நம்பி சிங்க் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

கிளாப் அடிப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஷாட் எண் எழுதிய கிளாப் போர்டின் மேலே இரண்டு கட்டைகள் இருக்கும். அவை மூடும் அந்த ஒரு நொடித்துணுக்கு, படத்திலும் தெரியும், ஒலியிலும் ஊசிமுனை போல எழும்பி நிற்கும். எடிட்டர் என்ன செய்வார்? இரண்டு கட்டைகளும் முழுசாக ஒட்டிய முதல் ஃபிரேமைத் தேடுவார் (ஓடும் படத்தில் ஒரு தனிப்படம்தான் ஃபிரேம்), ஒலியில் அந்த ஊசிமுனை தொடங்கும் இடத்தைத் தேடுவார், ஒன்றின் மேல் ஒன்றை வைப்பார். முடிந்தது. ஒரு நிமிட வேலைகூட இல்லை. கிளாப் சரியில்லையென்றால் இதே வேலை அரை மணி நேரம் இழுக்கும்.

வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள். முதலில் எல்லோரும் அமைதி. இயக்குநர் 'சவுண்டு' என்பார். ரெக்கார்டர் ஓடத் தொடங்கி, எண் நகர்வதைக் கண்ணால் பார்த்த பிறகு நாங்கள் 'ரோலிங்' என்போம். அப்புறம் 'கேமரா', அவர்களும் 'ரோலிங்'. உதவி இயக்குநர் போர்டைப் பிடித்து 'சீன் 12, ஷாட் 3, டேக் 2' என்று தெளிவாகச் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, கட்டையை அடிக்க வேண்டும். சொல்லும்போதே அடித்தால் எண்ணும் அடியும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அடித்த பிறகும் போர்டை ஒரு கணம் அசையாமல் பிடியுங்கள். பல பேர் அடித்த வேகத்திலேயே போர்டோடு ஓடிவிடுவார்கள், ஃபிரேமில் மங்கலாக ஒரு வெள்ளைக் கோடுதான் மிஞ்சும்.

போர்டு ஃபோகஸில் இருக்கிறதா, வெளிச்சம் விழுகிறதா என்று கேமராக்காரரிடம் கேளுங்கள். நடிகரின் முகத்துக்குப் பக்கத்தில் என்றால் மெதுவாகத் தட்டினால் போதும். அழும் காட்சிக்கு மனசைத் தயார்செய்து உட்கார்ந்திருப்பவரின் காதருகே பட்டென்று அடிப்பது கொடுமை. மாடு, குதிரை, கைக்குழந்தை இருக்கும் காட்சிகளில் கிளாப்பைக் கடைசியில் அடிக்கலாம். அப்போது போர்டைத் தலைகீழாகப் பிடித்து 'எண்டு போர்டு' என்று சொல்லி அடிக்க வேண்டும். தலைகீழாகத் தெரிந்தால் இது முடிவில் அடித்தது என்று எடிட்டருக்குப் புரிந்துவிடும். முதல் அடி படத்தில் விழவில்லையென்றால் 'செகண்ட் கிளாப்' என்று வாயால் சொல்லிவிட்டு மறுபடி அடியுங்கள்.

இரண்டு கேமரா ஓடினால், இரண்டுக்கும் தெரியும் இடத்தில் ஒரே அடி. முடியாவிட்டால் 'ஏ கேமரா', 'பி கேமரா' என்று சொல்லித் தனித்தனியாக.

கிளாப் போர்டு இல்லையே?

கை தட்டுங்கள். உள்ளங்கை படத்தில் பக்கவாட்டில் தெரிய வேண்டும். எண்ணை ஒரு சிலேட்டிலோ அட்டையிலோ எழுதிக் காட்டுங்கள்.

கிளாப்பையே மறந்துவிட்டோம். ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். படத்தில் சட்டென்று மோதும் எதையாவது தேடுங்கள். கதவு சாத்துவது, டம்ளரைத் திண்ணையில் வைப்பது, தேங்காய் உடைப்பது. எதுவும் இல்லையென்றால் உதட்டைப் பாருங்கள். 'ப', 'ம' இரண்டும் உதடு ஒட்டிப் பிரிந்தால்தான் பிறக்கும். 'அப்பா' என்ற சொல்லில் உதடு மூடியிருக்கும் ஃபிரேம்களில் ஒலி அநேகமாக அடங்கியிருக்கும், பிரியும் ஃபிரேமில் எழும்பும். 'அம்மணி' என்று யாராவது கூப்பிட்டிருந்தால் அதுவும் உதவும். 'க', 'ங' வைத்து முயலாதீர்கள். அவை தொண்டைப் பக்கம் பிறப்பவை, உதட்டில் எதுவும் தெரியாது.

கவுந்தப்பாடி பக்கம் ஒரு கரும்பு ஆலைக்கொட்டாயில் சர்க்கரை காய்ச்சும் பெரியவரைப் பதியப் போயிருந்தோம். அவர் பேச ஆரம்பித்த ஆர்வத்தில் கிளாப்பும் இல்லை, கேமராவில் ஒலி அணைந்திருந்ததை நானும் கவனிக்கவில்லை. ஐம்பது நிமிடப் பேச்சு. கடைசியில் அவர் கொப்பரையின் விளிம்பில் துடுப்பைத் தட்டிய ஒரே ஒரு தட்டுதான் எங்களைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் கேமராவின் ஒலி மீட்டர் ஆடுகிறதா என்று நானே போய்ப் பார்க்கிறேன்.

ஆரம்பத்தில் ஒத்துப்போகிறது, போகப்போக உதடு விலகுகிறதே?

இதுதான் அதிகம் பேரைத் தவிக்கவிடும் கேள்வி. கேமராவுக்குள் ஒரு கடிகாரம், ரெக்கார்டருக்குள் ஒரு கடிகாரம். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால்தான் முதலில் பொருத்தியது கடைசி வரை பொருந்தும். இரண்டுக்கும் இடையில் பத்து லட்சத்தில் 10 பங்கு வேறுபாடு இருந்தால் ஒரு மணி நேரத்தில் 36 மில்லிசெகண்டு விலகும், அதாவது ஏறக்குறைய ஒரு ஃபிரேம். இரண்டு நிமிட ஷாட்டில் இது யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓடும் பட்டிமன்றத்திலோ கூத்துப் பதிவிலோ, வேறுபாடு இன்னும் கூடுதலாக உள்ள மலிவான கருவிகளில், கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஃபிலிம் காலத்தில் இதற்காகவே நாக்ரா போன்ற டேப் ரெக்கார்டர்களில் ஒலியோடு பைலட் டோன் என்ற வேகக் குறிப்பையும் சேர்த்துப் பதிந்தார்கள். டேப் எவ்வளவு நீண்டாலும் சுருங்கினாலும் அந்தக் குறிப்பை வைத்து வேகத்தைச் சரிக்கட்டலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நீண்ட பதிவுக்குத் தொடக்கத்திலும் முடிவிலும் கிளாப் அடியுங்கள். இரண்டு அடிகளுக்கும் இடைப்பட்ட நீளத்தை ஒப்பிட்டால் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரியும், ஒலியை அந்த அளவு நீட்டியோ சுருக்கியோ கொள்ளலாம். இல்லையென்றால் பேச்சுக்கு நடுவே மூச்சுவிடும் இடங்களில் வெட்டி நகர்த்தலாம்.

நாலைந்து நிமிடத்திலேயே பெரிதாக விலகினால் அது கடிகாரக் கோளாறு அல்ல. போனில் எடுத்தீர்களா என்று பாருங்கள். பல போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே பதியும். நிலையான ஃபிரேம் வேகம் தரும் செயலியில் எடுங்கள். எடுத்து முடித்தாகிவிட்டதென்றால் எடிட்டிங்குக்கு முன் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நொடிக்கு 24 ஃபிரேமா, 25 ஃபிரேமா?

எதுவானாலும் சரி, எல்லாக் கேமராவிலும் எடிட்டிங்கிலும் ஒன்றாகவே இருக்கட்டும். தியேட்டருக்கு 24 வழக்கம். மெனுவில் 23.976 என்று ஒன்று இருக்கும், அதையும் 24ஐயும் ஒன்றென்று நினைக்காதீர்கள். எடுத்த படத்தை மற்ற வேகத்தில் ஓடவிட்டு ஒலியை மட்டும் அப்படியே விட்டால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 செகண்டு விலகும்.

டைம்கோடு பெட்டி வாங்க வேண்டுமா?

மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்று ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு முகவரி கொடுப்பது டைம்கோடு. கேமராவிலும் ரெக்கார்டரிலும் ஒரே முகவரி ஓடினால் எடிட்டிங்கில் நூறு ஷாட்டையும் ஒரே சொடுக்கில் பொருத்திவிடலாம். டென்டக்கிள் போன்ற சின்னப் பெட்டிகள் இதற்கென்றே வருகின்றன. காலையில் ஒன்றோடொன்று இணைத்து ஒத்தவைத்தால் நாள் முழுக்க ஒரு ஃபிரேம்கூடப் பிசகாது. இரண்டு மூன்று கேமராவில் கல்யாணமோ திருவிழாவோ எடுப்பவர்களுக்கு வாங்குவது வீண் இல்லை. ஒரே கேமராக் குறும்படத்துக்கு அந்தக் காசை நல்ல பூம் மைக்கில் போடுங்கள். டைம்கோடு இருந்தாலும் கிளாப்பை விடாதீர்கள். பேட்டரி இறங்கிய பெட்டி தவறான முகவரியைத்தான் கொடுக்கும்.

தூரத்து ஷாட்டில் சிங்க் சரியாக இருந்தும் ஒட்டாதது போலத் தெரிகிறதே?

ஒலி நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர்தான் போகும். 24 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் நேரத்துக்குள் அது கடப்பது சுமார் 14 மீட்டர். மைக் 30 மீட்டர் தள்ளி இருந்தால் இரண்டு ஃபிரேம் பிந்தும். பவானி ஆற்றில் எதிர்க்கரையில் துணி துவைப்பவரைப் பாருங்கள், துணி கல்லில் விழுந்த பிறகுதான் சத்தம் வரும். ஒலி கொஞ்சம் பிந்துவதைக் கண் பொறுத்துக்கொள்ளும், அது இயற்கையில் பார்த்துப் பழகியது. முந்தினால்தான் சட்டென்று உறுத்தும். ஆகவே சந்தேகம் வந்தால் ஒலி ஒரு ஃபிரேம் பிந்தும் பக்கமே வையுங்கள். தூரத்து ஷாட்டில் பேசுபவருக்குக் காலர் மைக் மாட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

காற்றை என்ன செய்வது?

பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையைத் திறந்துவைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அந்த வழியே வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் நிற்காமல் வீசும். அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்பதே அதனால்தான். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் மைக்குக்கு வெறும் ஸ்பாஞ்ச் உறை போதாது, கூண்டும் அதன் மேல் முடி வைத்த உறையும் வேண்டும். ரெக்கார்டரில் கனத்த அடிச்சத்தத்தை வெட்டும் 'லோ கட்' வசதியை 80 ஹெர்ட்ஸில் போடுங்கள். தென்னந்தோப்புக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மைக்கில் காற்று அடிக்காவிட்டாலும் ஓலைச் சத்தம் மழை பெய்வது போலவே பதிவாகும். வசனக் காட்சியை விடியற்காலையில் வையுங்கள், காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

தறிச் சத்தம், மயில், விமானம்?

சோமனூர், பல்லடம் பக்கம் வீடு பார்க்கும்போதே காதையும் கூட்டிப்போங்கள். ஞாயிற்றுக்கிழமை அமைதியாக இருந்த வீதி திங்கட்கிழமை விசைத்தறியால் அதிரும். நான் கண்ட நல்ல வழி ஒன்று சொல்கிறேன். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைச் செய்தித்தாளில் பார்த்து, அன்றைக்கு வசனக் காட்சியை வையுங்கள். தறியும் நிற்கும், மோட்டாரும் நிற்கும், ஊரே அமைதியாகும். விளக்கை பேட்டரியில் ஓட்டுங்கள். ஜெனரேட்டர்தான் வேண்டும் என்றால் நூறு மீட்டருக்கு அப்பால், ஏதாவது சுவருக்குப் பின்னால் நிறுத்துங்கள்.

சூலூர் விமானப்படைத் தளத்துப் பக்கம் போர் விமானம் போனால் ஷாட்டை நிறுத்திக் காத்திருப்பது தவிர வழியில்லை. மயிலுக்கும் அப்படித்தான். ஆனால் மயில் கத்தி முடித்த பிறகு இரண்டு நிமிடம் அதைத் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். ஒரு டேக்கில் கத்தியது அடுத்த டேக்கில் இல்லையென்றால் வெட்டு தெரியும், அங்கே இதை வைத்து மூடலாம்.

பழைய வீட்டில் எதிரொலிக்கிறது.

தொட்டிக்கட்டு வீட்டின் சிமென்ட் தரையும் உயர்ந்த சுவரும் படத்துக்கு அழகு, மைக்குக்குப் பகை. பவானி ஜமுக்காளம் நாலைந்து வாங்கிவையுங்கள். கனமான நெசவு, மடித்துத் தூக்க எளிது. படத்தில் விழாத தரையில் விரியுங்கள், நடிகருக்கு எதிரே உள்ள சுவரில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். சென்னிமலைப் போர்வையும் உதவும். என் வண்டியில் எப்போதும் ஆறு ஜமுக்காளம் இருக்கும், அவற்றைப் போலப் பயன்பட்ட கருவி என்னிடம் வேறில்லை.

காட்சி முடிந்த பிறகும் எல்லோரையும் அமைதியாக நிற்கச் சொல்கிறீர்களே, ஏன்?

அந்த இடத்தின் வெறும் சத்தத்துக்காக. ரூம் டோன் என்போம். எந்த இடமும் முழு அமைதியாக இருக்காது. வசனத்துக்கு இடையில் வெட்டும் இடங்களில் இதை நிரப்பாவிட்டால் ஒலி பள்ளத்தில் விழுந்தது போல இருக்கும். ஒரு நிமிடம் போதும்.

பாட்டுக் காட்சிக்கு?

அங்கே எல்லாம் தலைகீழ். முன்பே பதிந்த பாட்டை ஸ்பாட்டில் ஒலிக்கவிட்டு நடிகர் உதட்டை அதற்கு ஒத்தவைக்கிறார். பாட்டுக்கு முன் மூன்று பீப் சேர்த்துவிட்டால் எல்லோரும் ஒன்றாகத் தொடங்கலாம். மெதுவான அசைவு வேண்டி 48 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டப்போகிறீர்கள் என்றால், பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும். அப்போதுதான் உதடு ஒட்டும்.

எடிட்டரிடம் என்னென்ன கொடுக்க வேண்டும்?

ஒலிக் கோப்புகள், ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தடமாக. கூடவே சவுண்டு ரிப்போர்ட். எந்த டேக்கில் எந்தக் கோப்பு, எந்தத் தடத்தில் யார் குரல், எங்கே லாரி போனது, எந்த டேக் படத்துக்கு ஆகாவிட்டாலும் ஒலிக்கு நல்லது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கோப்பின் பெயரும் போர்டின் எண்ணும் ஒன்றாக இருந்தால் எடிட்டர் உங்களை வாழ்த்துவார். கார்டை அன்றைக்கே அழிக்காதீர்கள். இரண்டு வன்தட்டில் பிரதி எடுத்து, எடிட்டர் ஒரு டேக்கையாவது பொருத்திப் பார்த்துச் சரி என்று போனில் சொன்ன பிறகு அழியுங்கள்.